பழைய கார், பாமிர் மலை, நன்கொடை லிங்க்: மங்கோல் ராலியில் பணம் எங்கே போகிறது, பிரேக் என்ன ஆகிறது?

உங்கள் அலுவலக வாட்ஸ்அப் குழுவிலோ லிங்க்டுஇன் பக்கத்திலோ இப்படி ஒரு பதிவைப் பார்த்திருக்கலாம். லண்டனிலோ டப்ளினிலோ வேலை பார்க்கும் பழைய சகா ஒருவர், இரண்டு நண்பர்களோடு, ஸ்டிக்கர் ஒட்டிய ஒரு பழைய நிசான் மைக்ரா முன்னால் நின்று சிரிக்கிறார். "ஐரோப்பாவிலிருந்து மத்திய ஆசியா வரைக்கும் இதை ஓட்டப் போறோம். எல்லாம் நல்ல காரியத்துக்குத்தான். உங்களால முடிஞ்சதைக் கொடுங்க" என்று கீழே ஒரு லிங்க்.

கொடுக்கலாமா? கொடுத்தால் அந்தப் பணம் காட்டைக் காப்பாற்றுமா, பெட்ரோல் டேங்கை நிரப்புமா? அதைவிட அடிப்படையான கேள்வி ஒன்று உண்டு. அந்தக் கார் 4,600 மீட்டர் உயரக் கணவாயை ஏறி இறங்குமா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மங்கோல் ராலி: விதிகளே இல்லாத போட்டியா?

முதலில், இது போட்டியே இல்லை. யார் முதலில் வந்தார்கள் என்று யாரும் நேரம் குறிப்பதில்லை, பரிசும் கிடையாது. 2004-இல் ஆறு கார்களோடு தொடங்கியது. நடத்துவது 'தி அட்வென்ச்சரிஸ்ட்ஸ்' என்ற பிரிட்டன் நிறுவனம். ஐரோப்பாவில் கிளம்பி சுமார் 16,000 கி.மீ. ஓட்டி மங்கோலியத் தலைநகர் உலான்பாதருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் முதல் திட்டம். பின்னர் முடிவிடம் ரஷ்யாவின் உலான்-உடே நகரத்துக்கு மாறியது. 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியதும் ரஷ்யா வழியாகப் போவதே கேள்விக்குறியாகிவிட்டது.

நெடுங்காலமாக இருந்து வந்த விதிகள் மூன்றுதான். கார் சின்னதாக, சுமார் 1000 சிசி எஞ்சினோடு, 'இதுக்கெல்லாம் லாயக்கில்லை' என்று சொல்லத்தக்கதாக இருக்க வேண்டும். பாதையும் உதவியும் கிடையாது, வழியை நீங்களே தேடிக்கொள்ள வேண்டும், கார் நின்றால் பின்னால் மெக்கானிக் வண்டி வராது. ஒவ்வொரு அணியும் குறைந்தது 1,000 பவுண்டு நன்கொடை திரட்ட வேண்டும். அந்தத் தொகையில் பாதி, மழைக்காடுகளைக் காக்க வேலை செய்யும் 'கூல் எர்த்' அமைப்புக்கு. மீதி, அணி விரும்பும் அறக்கட்டளைக்கு.

இங்கே கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. பல பதிவுகளில் இதைச் சொல்லவே மாட்டார்கள். ராலியை நடத்துவது அறக்கட்டளை அல்ல, ஒரு நிறுவனம். கலந்துகொள்ள அணிகள் கட்டும் நுழைவுக் கட்டணம் அந்த நிறுவனத்துக்கு. நன்கொடை என்பது தனிக் கணக்கு. இதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் 'சாரிட்டி ராலி' என்ற சொல்லைக் கேட்டதும், எல்லாப் பணமும் ஒரே உண்டியலில் விழுவதாகத்தான் நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை.

பாமிர் வழி: எவ்வளவு உயரம், எவ்வளவு தூரம்?

பாதையை அணிகளே தேர்ந்தெடுப்பதால் எல்லோரும் மலைக்குப் போவதில்லை. கஜகஸ்தானின் சமவெளி வழியே போனால் உயரத் தொல்லையே இல்லை. ஆனாலும் பலரும் தேடிப் போவது தஜிகிஸ்தானின் எம்41 சாலையைத்தான். பாமிர் நெடுஞ்சாலை என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும்.

அதில் ஓஷ் முதல் கோரோக் வரையிலான பகுதியை 1930களின் தொடக்கத்தில் சோவியத் அரசு போட்டது. மேற்கிலிருந்து வரும் ராலிக்காரர்கள் துஷான்பேயில் ஏறுகிறார்கள். பாஞ்ச் ஆற்றின் ஓரமாகப் போகும்போது ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆப்கானிஸ்தான், கூப்பிடு தூரம்தான். கோரோக் ஊர் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து முர்காப் சுமார் 310 கி.மீ., உயரம் சுமார் 3,600 மீட்டர். இடையில் 4,200 மீட்டரைத் தாண்டும் ஒரு கணவாய். முர்காப்புக்கு வடக்கே இந்தச் சாலையின் உச்சியான அக்-பைத்தால் கணவாய், 4,655 மீட்டர். பிறகு கரகுல் ஏரி, கிர்கிஸ்தான் எல்லையில் கிசில்-ஆர்ட் கணவாய், கடைசியில் 3,615 மீட்டர் தால்டிக் கணவாயைக் கடந்து ஆயிரம் மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கும் ஓஷ் நகரத்துக்கு இறக்கம்.

லடாக் போனவர்கள் "கர்துங் லா இதைவிட உயரம்தானே" என்பார்கள். சரிதான். ஆனால் கர்துங் லாவுக்கு லே நகரத்திலிருந்து காலையில் கிளம்பி மதியத்துக்குள் திரும்பிவிடலாம். இங்கே நாள்கணக்கில் 3,500 மீட்டருக்கு மேலேயே இருக்க வேண்டும். தார் பெயர்ந்து, வாஷ்போர்டு மாதிரி வரிவரியாகிப் போன சாலை. ஒவ்வொரு வரியும் ஷாக் அப்சார்பரை ஒரு தட்டு தட்டும். மணிக்கு 20 கி.மீ. வேகம் என்பது அங்கே சாதாரணம்.

ராலி நடக்கும் ஜூலை, ஆகஸ்டில்தான் பனிப்பாறைகளும் அதிகமாக உருகும். 2015 ஜூலையில் கோரோக்குக்குக் கிழக்கே பர்செம் கிராமத்தில் இறங்கிய சேற்றுப்பெருக்கு ஆற்றை அடைத்து, புதிதாக ஓர் ஏரியையே உண்டாக்கி, நெடுஞ்சாலையைத் துண்டித்தது. ராலிக்காரர்களுக்கு அது 'பாதை மாற்றம்'. பர்செம்காரர்களுக்கு வீடு போயிற்று.

55 குதிரைசக்தி எப்படி 34 ஆகிறது?

இனி காருக்குள் போவோம். என் கணக்குகளை மறைக்காமல் எழுதுகிறேன், நீங்களும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின், தான் இழுக்கும் காற்றின் அடர்த்திக்கு ஏற்பத்தான் சக்தி தரும். 4,655 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 56 சதவீதம். மேலே குளிர் என்பதால் காற்று கொஞ்சம் சுருங்கும். அதனால் அடர்த்தி சுமார் 62 சதவீதம். 1990களின் ஒரு லிட்டர் மைக்ராவுக்குக் கடல்மட்டத்தில் சுமார் 55 குதிரைசக்தி. அக்-பைத்தால் உச்சியில் அதில் மிஞ்சுவது சுமார் 34. நம் ஊர் மாருதி 800-க்குக் கடல்மட்டத்தில் 37 இருந்தது. மூன்று பேர், கூடாரம், இரண்டு ஸ்டெப்னி, பெட்ரோல் கேன், தண்ணீர் கேன் ஏற்றிக்கொண்டு, மாருதி 800-ஐவிட இளைத்த எஞ்சினோடு மண்ரோட்டில் மலை ஏறுகிறோம் என்று அர்த்தம்.

ஏறுமா? ஏறும். முதல் கியரில், பொறுமையாக, சில இடங்களில் இரண்டு பேர் இறங்கி நடந்தால். 1990களின் நடுவிலிருந்து வந்த ஐரோப்பியக் கார்களில் பெரும்பாலும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் இருப்பதால், குறையும் காற்றுக்கேற்ப பெட்ரோலை அதுவே குறைத்துக்கொள்ளும். கார்புரேட்டர் வண்டியென்றால் பெட்ரோல் அதிகமாகிக் கறுப்புப் புகை தள்ளும், இழுவை இன்னும் குறையும்.

பெட்ரோலின் தரம் பற்றி ஒரு சுவாரஸ்யமான விஷயம். முர்காப் மாதிரி இடங்களில் டிரம்மிலிருந்து வாளியில் மொண்டு, புனல் வைத்து ஊற்றுவார்கள். ஆக்டேன் 80 என்பதும் நடக்கும். இந்தியாவில் பங்கில் கிடைக்கும் சாதாரணப் பெட்ரோலே 91. சமவெளியில் 80 போட்டால் எஞ்சின் 'நாக்' அடிக்கும். ஆனால் உயரத்தில் சிலிண்டருக்குள் போகும் காற்றே குறைவு, அழுத்தமும் குறைவு. அதனால் அதே மட்டமான பெட்ரோலை எஞ்சின் ஓரளவு தாங்கிக்கொள்ளும். ஆகவே ஆக்டேனுக்குப் பயப்படுவதைவிட, வாளியில் இருக்கும் மண்ணுக்குப் பயந்து புனலில் ஒரு துணி போட்டு வடிகட்டுவது புத்திசாலித்தனம்.

குக்கர் கேஸ்கட் சொல்லும் பாடம்

உயரத்தில் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும் என்று பள்ளியில் படித்திருப்போம். 4,655 மீட்டரில் தண்ணீரின் கொதிநிலை சுமார் 85 டிகிரி செல்சியஸ். எஞ்சினின் தெர்மோஸ்டாட் திறப்பதே 85 முதல் 90 டிகிரியில்தான். அப்படியென்றால் எஞ்சின் முழுச் சூடாகும் முன்பே ரேடியேட்டர் தண்ணீர் கொதிக்க வேண்டும் இல்லையா?

கொதிக்காமல் காப்பது ரேடியேட்டர் மூடி. பிரஷர் குக்கர் மூடி மாதிரி அது உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது, கொதிநிலை 100-க்கு மேல் போகிறது. கூலன்ட் கலந்தால் இன்னும் கொஞ்சம் ஏறும். ஆனால் மூடியின் ரப்பர் நைந்திருந்தால்? குக்கரில் கேஸ்கட் போனால் விசில் வராது, சோறு வேகாது. இங்கே அழுத்தம் நிற்காது, தண்ணீர் ஆவியாகும், ஹெட் கேஸ்கட் போய்விடும். சில நூறு ரூபாய்ச் சாமானால் எஞ்சினே போகும். அதே மூடி கடல்மட்ட நகரத்தில் வருடக்கணக்கில் ஒரு தொந்தரவும் தராமல் ஓடியிருக்கும். பழைய காரில் மலைக்குப் போவதின் சிக்கலே இதுதான். ஊரில் தெரியாத பலவீனம் அங்கே தெரியும்.

ஏறுவது அல்ல, இறங்குவதுதான் ஆபத்து

ரீல்ஸில் எல்லோரும் ஏறுவதைத்தான் படம் பிடிக்கிறார்கள். என்னைக் கேட்டால் கேமராவை இறக்கத்தில் வைக்க வேண்டும்.

தால்டிக் கணவாயிலிருந்து ஓஷ் வரை கிட்டத்தட்ட 2,650 மீட்டர் இறக்கம், அதன் மேற்பகுதி முழுக்கக் கொண்டை ஊசி வளைவுகள். ஆளும் சாமானும் சேர்த்துக் கார் 1,200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அந்த உயரத்திலிருந்து இறங்கும்போது வெளியேற வேண்டிய ஆற்றல் சுமார் 31 மெகாஜூல். 100 லிட்டருக்கும் அதிகமான தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதுமான வெப்பம். இதில் ஒரு பங்கைக் காற்றின் தடையும் டயரின் உராய்வும் வாங்கிக்கொள்ளும். மீதியை எஞ்சின் வாங்க வேண்டும், இல்லையென்றால் பிரேக் வாங்க வேண்டும்.

இங்கேதான் பழைய கார் காலை வாரும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 வகை ஆயிலுக்கு, புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி. ஈரம் ஏறிய பிறகு தரவிதி கேட்பது 155 டிகிரி மட்டுமே. கீழே போகப் போகப் பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால், சூடு ஆயிலுக்கு ஏறி, அது கொதித்து, குழாயில் ஆவிக்குமிழ் உருவாகும். திரவத்தை அழுத்தினால் பிரேக் பிடிக்கும், குமிழை அழுத்தினால் குமிழ்தான் நசுங்கும். பெடல் தரை வரை போகும், கார் நிற்காது.

இதற்கு மருந்து, நம் மலைப்பாதைகளில் பலகையில் எழுதி வைத்திருப்பதேதான்: எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். கிளம்பும் முன் பிரேக் ஆயிலை முழுக்க மாற்றுங்கள். இரண்டும் சேர்ந்து ஒரு மதிய நேர வேலை. பழைய காரைப் புதிதாக வாங்கி ஸ்டிக்கர் ஒட்டும் அணிகள் பெயின்ட்டுக்குச் செலவிடும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுத்தால் போதும்.

இன்னொன்று, இந்தியர்களுக்கு உடனே உறைக்காதது. பிரிட்டனில் வாங்கிய காருக்கு, நம்முடையது போலவே ஸ்டீயரிங் வலப்பக்கம். மத்திய ஆசியாவில் போக்குவரத்தும் வலப்பக்கம். முன்னால் போகும் லாரியைத் தாண்ட எட்டிப் பார்த்தால் ஓட்டுநருக்கு லாரியின் முதுகுதான் தெரியும், எதிரே வருவது தெரியாது. இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் "போ" என்றால் போக வேண்டும், "வேணாம்" என்றால் நிற்க வேண்டும். உயரத்தில் தலைவலியோடு, பாதித் தூக்கத்தில் இருக்கும் ஒருவரின் கண்ணை நம்பி.

அந்தத் தலைவலியையும் லேசாக எடுக்க முடியாது. 3,000 மீட்டருக்கு மேல் போனால், தூங்கும் இடத்தின் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மருத்துவ வழிகாட்டுதல். கோரோக்கில் படுத்துவிட்டு மறுநாள் ராத்திரி முர்காப்பில் படுத்தால் ஒரே நாளில் சுமார் 1,500 மீட்டர் ஏறியிருப்பீர்கள். தலைவலி, வாந்தி, தடுமாற்றம் வந்தால் செய்ய வேண்டியது கீழே இறங்குவது. கீழே இறங்க ஆரோக்கியமான ஓட்டுநர் வேண்டும். மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் வந்தால் என்ன செய்வது என்று கிளம்பும் முன்பே பேசி வைத்திருக்க வேண்டும்.

இது மிகைப்படுத்தல் இல்லை. ராலியில் காயம்படலாம், உயிர் போகலாம் என்று ஏற்பாட்டாளர்களே எச்சரிக்கிறார்கள். 2010-இல் ஈரானில் நடந்த சாலை விபத்தில் பிரிட்டனைச் சேர்ந்த பங்கேற்பாளர் ஒருவர் இறந்தார். பயணக் காப்பீட்டுப் பத்திரங்கள் பலவற்றில் 'மோட்டார் ராலி' என்பது விலக்குப் பட்டியலில் இருக்கும். பத்திரத்தை முழுக்கப் படிக்காவிட்டாலும் அந்தச் சொல்லை மட்டுமாவது தேடிப் பாருங்கள்.

கார் செத்துப்போனால் விட்டுவிட்டு வரலாமா?

வர முடியாது. இதுதான் பலருக்கும் தெரியாத பகுதி.

நீங்கள் ஒரு நாட்டுக்குள் காரை ஓட்டிக்கொண்டு நுழையும்போது, அது 'தற்காலிக இறக்குமதி'. உங்கள் பெயரில் காகிதம் போடுவார்கள், கெடு தேதி எழுதுவார்கள். கெடுவுக்குள் அந்தக் கார் நாட்டை விட்டு வெளியேற வேண்டும், அல்லது இறக்குமதி வரி கட்ட வேண்டும். சில நாடுகள் இன்னும் கறார். ஈரானுக்குள் போக 'கார்னே' என்ற சுங்க உத்தரவாதப் புத்தகம் வேண்டும். கார் திரும்பி வராவிட்டால், நீங்கள் கட்டிய பிணைத்தொகை போய்விடும்.

ஆகவே எஞ்சின் பிடித்துப்போன மைக்ராவை லாரியில் ஏற்றியாவது எல்லை தாண்ட வேண்டும். தஜிக்–கிர்கிஸ் எல்லையில் இரண்டு சோதனைச் சாவடிகளுக்கும் இடையே சுமார் 20 கி.மீ. யாருக்கும் சொந்தமில்லாத மலைச்சாலை. வெளியேறும் முத்திரை குத்தியாயிற்று, நுழையும் முத்திரை இன்னும் குத்தவில்லை, கார் நகரவில்லை. அதைவிட மோசமான இடத்தை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை.

எல்லைகளும் நிலையாக இருப்பதில்லை. 2021, 2022 மோதல்களால் தஜிக்–கிர்கிஸ் எல்லை பல ஆண்டுகள் மூடிக்கிடந்தது. 2025 மார்ச்சில்தான் இரு நாட்டு அதிபர்களும் எல்லை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அஜர்பைஜான் 2020-இல் கோவிட்டைக் காரணம் காட்டிப் பயணிகளுக்கு மூடிய தரை எல்லையை, கோவிட் முடிந்த பிறகும் பல ஆண்டுகள் திறக்கவில்லை. அதனால் ஜார்ஜியா வழியாக வந்து காஸ்பியன் கடலில் கப்பல் ஏறும் பழைய வழி அடைபட்டது.

காரே நன்கொடையாகுமா?

முடிவிடம் வரை போய்ச் சேர்ந்த பழைய காரை என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு வேறொரு ராலி வேறு விதமாகப் பதில் சொன்னது.

பிரிட்டனின் பிளிமத்திலிருந்து மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியா வரை, மொராக்கோ, சஹாரா வழியாகப் போவது பிளிமத்–பாஞ்சுல் சேலஞ்ச். 2000களின் தொடக்கத்தில், பெரும் செலவில் நடக்கும் டக்கார் ராலியைக் கிண்டல் செய்து தொடங்கியது. 100 பவுண்டுக்குள் கார் வாங்க வேண்டும் என்பது அதன் அசல் விதி. பாஞ்சுலில் கார்களை ஏலம் விட்டு, வரும் பணத்தைக் காம்பிய அறக்கட்டளைகளுக்குக் கொடுப்பது வழக்கம். காம்பியாவில் வலப்பக்கப் போக்குவரத்து என்பதால், இடப்பக்க ஸ்டீயரிங் உள்ள கார்களையே கேட்டார்கள். அதாவது காரை வாங்கப்போகிறவரின் வசதியிலிருந்து விதி பிறந்தது. கார் மலையும் பாலைவனமும் தாண்டி உயிரோடு போய்ச் சேர்ந்தால்தான் நன்கொடை, இல்லாவிட்டால் இல்லை.

மங்கோலியாவிலும் ஆரம்பத்தில் கார்களை அங்கேயே கொடுத்துவிடும் வழக்கம் இருந்தது. ஆனால் ஏழை நாட்டுக்குப் பழைய கார் கொடுப்பது எப்போதும் உதவியாகாது. இறக்குமதி வரி யார் கட்டுவது, உதிரிபாகம் எங்கே கிடைக்கும், ஓட்டம் நின்றபின் குப்பை யாருடையது? 16,000 கி.மீ. அடிவாங்கிய 20 வயது மைக்ராவை உங்களுக்கு யாராவது இலவசமாகக் கொடுத்தால் நீங்கள் வாங்கிக்கொள்வீர்களா?

சரி, கணக்கு கட்டுப்படியாகிறதா?

ஓர் அணியின் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 16,000 கி.மீ., லிட்டருக்கு 15 கி.மீ. என்றால் சுமார் 1,070 லிட்டர் பெட்ரோல். ஐரோப்பாவில் விலை அதிகம், மத்திய ஆசியாவில் குறைவு. சராசரியாக லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 1.07 லட்சம் ரூபாய். அணி திரட்ட வேண்டிய குறைந்தபட்ச நன்கொடையான 1,000 பவுண்டு, பவுண்டுக்கு 110 ரூபாய் என்றால், 1.1 லட்சம் ரூபாய். எரித்த பெட்ரோலும் கொடுத்த நன்கொடையும் ஏறக்குறைய சமம். விசா, கப்பல், சாப்பாடு, திரும்பும் விமான டிக்கெட் எல்லாம் இதற்கு மேல்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு. 1,070 லிட்டருக்குக் கிட்டத்தட்ட இரண்டரை டன். ஒரு இந்தியரின் சராசரி ஆண்டு உமிழ்வு சுமார் 2 டன். நன்கொடையில் பாதி மழைக்காட்டுக்குப் போகிறது என்பதோடு சேர்த்துப் படித்தால் கொஞ்சம் உறுத்தும்.

"அப்போ பேசாம வீட்டிலேயே உட்கார்ந்து இரண்டு லட்சத்தையும் நேரா கொடுத்திருக்கலாமே?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வி பாதிதான் சரி. பெட்ரோல் பணம் அவர்களுடைய விடுமுறைச் செலவு. ராலி இல்லாவிட்டால் அது தாய்லாந்துக்குப் போயிருக்கும், காட்டுக்கு அல்ல. நன்கொடைப் பணமோ நண்பர்களுடையது. மைக்ராவின் படத்தைப் பார்த்துச் சிரித்து 10 பவுண்டு கொடுத்தவர், படம் இல்லாவிட்டால் கொடுத்திருக்க மாட்டார். அந்த அளவுக்கு ராலி புதிய பணத்தைக் கொண்டுவருகிறது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். என் பார்வையில், இதை 'தியாகம்' என்று விற்காமல் 'விடுமுறை, கூடவே ஒரு வசூல்' என்று சொன்னால் பிரச்சினையே இல்லை.

ஆகவே லிங்க் வந்தால் கேட்க வேண்டியது ஒன்றுதான்: நான் கொடுக்கும் பணத்திலிருந்து உங்கள் பயணச் செலவுக்கு ஏதாவது போகுமா? பணம் நேராக அறக்கட்டளையின் பக்கத்துக்குப் போகிறதென்றால், போகாது. அவருடைய சொந்தக் கணக்குக்குப் போகிறதென்றால், நண்பருக்குப் பயணச் செலவுக்குக் கொடுப்பதாக நினைத்துக் கொடுங்கள். அறக்கட்டளை இங்கிலாந்தில் பதிவானது என்றால் அங்குள்ள சாரிட்டி கமிஷனின் இணையதளத்தில் பெயரைப் போட்டால் ஆண்டு வரவு செலவே கிடைக்கும். வெளிநாட்டு அறக்கட்டளைக்குக் கொடுத்தால் இங்கே 80ஜி வரிவிலக்கு கிடையாது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரிலும் இது நடக்கிறது

அதே அட்வென்ச்சரிஸ்ட்ஸ் 2006 முதல் இந்தியாவில் நடத்துவது 'ரிக்‌ஷா ரன்'. வெளிநாட்டுப் பயணிகள் ஆட்டோவுக்குப் பெயின்ட் அடித்து, கொச்சியிலிருந்து ஜெய்சல்மருக்கோ ஷில்லாங்குக்கோ ஓட்டிப் போவார்கள். இந்த இடத்தில் நாம்தான் முர்காப்காரர்கள். நமக்கு ஸ்டேஷனுக்குப் போகும் வண்டி, அவர்களுக்குச் சாகசம். கோபப்பட எதுவும் இல்லை, வழியில் பஞ்சர் ஒட்டுகிறவருக்கும் லாட்ஜ்காரருக்கும் வியாபாரம்தான். ஆனால் வசூலான பணம் இந்தியாவில் உள்ள ஒரு தொண்டு அமைப்புக்கு வர வேண்டுமென்றால், அந்த அமைப்பு எஃப்சிஆர்ஏ பதிவு வைத்திருக்க வேண்டும். சின்ன அமைப்புகள் பலவற்றிடம் அது இருக்காது. வெளிநாட்டு நண்பர் யாராவது "உங்க ஊர் ஸ்கூலுக்கு வசூல் பண்றேன்" என்று சொன்னால், முதலில் இதைக் கேளுங்கள்.

ஒரு இந்தியர் ஓட்ட நினைத்தால்?

பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை உங்கள் ஆர்டிஓ அலுவலகமே தரும், ஓராண்டு செல்லும். தஜிகிஸ்தானுக்கு இ-விசா உண்டு. பாமிர் இருக்கும் கோர்னோ-படக்‌ஷான் பகுதிக்குத் தனி அனுமதி வேண்டும், விசா விண்ணப்பத்திலேயே அதைச் சேர்த்துக் கேட்கலாம். 2022-இல் கோரோக்கில் கலவரமும் ராணுவ நடவடிக்கையும் நடந்தபோது அந்த அனுமதியே நிறுத்தப்பட்டது. அதனால் டிக்கெட் போடும் முன் நிலவரம் பாருங்கள். கிர்கிஸ்தானுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் இ-விசா.

கஜகஸ்தான் 2022 ஜூலை முதல் இந்தியர்களை விசா இல்லாமல் விடுகிறது, ஆனால் ஒரு தடவைக்கு 14 நாள்தான். பிரிட்டன் பாஸ்போர்ட் வைத்திருக்கும் உங்கள் அணித் தோழருக்கு 30 நாள். அந்த நாட்டைக் குறுக்கே கடப்பது 2,500 கி.மீ.-க்கு மேல். வழியில் எங்கோ ஒரு மெக்கானிக் கடையில் உதிரிபாகத்துக்காகக் காத்திருக்கும் நாட்களும் அந்தப் பதினாலில்தான் சேரும். காரின் காகிதம் யார் பெயரில் போடுவது என்பதை, அதனால், எல்லைக்குப் போவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். உங்கள் பெயரில் போட வேண்டாம்.